உடல் எடை தடையாகும் வேலைகளும் ஆகாத வேலைகளும்

பி.காம். கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகளின் உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்த உடம்பை வைத்துக்கொண்டு யார் வேலை தருவார்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், அதனால் எடையைக் குறைக்கவைத்துப் போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்கு அனுப்பலாம், கோச்சிங் சென்டரில் பணம் கட்டலாம் என்று இருக்கிறீர்கள். அம்மா, அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள்.

அங்கே தடை எடை அல்ல, உயரம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் பெண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 159 செ.மீ.; எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. உங்கள் மகள் எந்தப் பிரிவாக இருந்தாலும் 156 போதாது. எழுத்துத் தேர்வு முதலில் வருவதால், மாதக்கணக்கில் படித்துத் தேறிய பிள்ளைகள் அளவெடுக்கும் நாளில்தான் வெளியே வருகிறார்கள். சீருடைப் பணியில் ஆசைப்படும் யாராக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே அளக்க வேண்டும். செருப்பில்லாமல், கொண்டையை அவிழ்த்துவிட்டு, குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நிற்கவைத்து, தலைமேல் ஒரு தட்டையான அட்டையை வைத்துச் சுவரில் கோடு போடுங்கள். காலையிலும் மாலையிலும் அளங்கள். நாள் முழுவதும் நின்று நடந்தபின் முதுகெலும்பு சற்று அமுங்கி உயரம் ஒரு செ.மீ. அல்லது அதற்கும் சற்று அதிகமாகக் குறையலாம். மாலை அளவிலும் தேறுகிறவர்தான் நம்பிக்கையோடு போகலாம். மகளுக்குக் காக்கிச் சட்டைதான் வேண்டுமென்றால் ஐ.பி.எஸ்.ஸுக்குப் பெண்களுக்கான உயரம் 150 செ.மீ.தான். ஆனால் அது சிவில் சர்வீஸ் தேர்வின் வழி; பல வருட உழைப்பைக் கேட்கும்.

எடையே விதியாக இருக்கும் வேலை விமானப் பணிப்பெண் வேலை. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் பி.எம்.ஐ. என்ற உடல் நிறைக் குறியீடு கிடைக்கும். அதை வைத்துத்தான் அங்கே எடையைப் பார்க்கிறார்கள். உங்கள் மகளுக்கு 74-ஐ 2.43-ஆல் (1.56 × 1.56) வகுக்க, 30-க்குச் சற்று மேல். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2014-இல் வெளியிட்ட விதியில் பெண் பணியாளருக்கு 18 முதல் 22 வரை இயல்பு. 27-ஐத் தொட்டால் உடல் பருமன். 156 செ.மீ. உயரத்துக்கு 22 என்றால் சுமார் 53 கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ என்ற பாதுகாப்பான வேகத்தில் குறைத்தால் கிட்டத்தட்ட பத்து மாதம் ஆகும். அந்த வேலையில் மகளுக்கே தீராத விருப்பம் இருந்தால் மட்டும் இந்தப் பாதையைத் தொடுங்கள். எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் 160 செ.மீ. உயரமும், நுனிக்காலில் நின்று 212 செ.மீ. உயரத்தைக் கை தொடுவதையும் கேட்கின்றன. விமானத்தில் மேலே இருக்கும் அவசரக் கருவிகள் கைக்கு எட்ட வேண்டும் என்பது அதற்குக் காரணம்.

இனி, எழுதப்படாத விதிகள். நகைக்கடை, துணிக்கடை ஷோரூம், ஓட்டல் வரவேற்பு, நேரடி விற்பனை போன்ற இடங்களில் தோற்றம் பார்க்கப்படுகிறது. இது அநியாயம்தான், ஆனால் நடக்கிறது. ஒருவரின் ஒரு நல்ல குணத்தைக் கண்டால் மற்ற குணங்களும் அப்படியே இருக்கும் என்று மதிப்பிடும் பழக்கத்தை தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே எழுதிவிட்டார். தோற்றத்தைப் பார்த்துத் திறமையை அளப்பதும் அதே பழக்கம்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் எடை, உயரம் பார்த்து வேலை மறுப்பதை 1976-இலேயே சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. எனவே முகத்தைப் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பார்க்கும் வாசலை முதலில் தேடுவது புத்திசாலித்தனம்.

பி.காம். படித்த பெண்ணுக்கு அந்த வாசல்கள் நிறையவே இருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் நேர்முகத் தேர்வு கிடையாது. எழுத்துத் தேர்வும் சான்றிதழ் சரிபார்ப்பும்தான். ஐ.பி.பி.எஸ். வங்கி எழுத்தர் தேர்விலும் (இப்போது அதன் பெயர் கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்) நேர்முகம் இல்லை. அதிகாரி தேர்வில் உண்டு, ஆனால் இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதம். மத்திய அரசின் கெசட்டட் அல்லாத, அதாவது அரசிதழ் பதிவு பெறாத பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகம் நீக்கப்பட்டுவிட்டது. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்), சி.எம்.ஏ. (செலவுக் கணக்காளர்) இரண்டும் தேர்வில் தேறி, பயிற்சியும் முடித்தால் கிடைக்கும் தகுதிகள். அங்கே யாரும் எடை பார்ப்பதில்லை.

தனியார் நேர்முகத்துக்குப் போவதானால் உடம்பை மறைக்கப் பார்க்க வேண்டாம். பெரிய அளவில் தொளதொளவென்று தைத்த சுடிதார் உடம்பை இன்னும் பெரிதாகக் காட்டும். இறுக்கமானது உட்கார்ந்ததும் மடிப்பு விழுந்து, அவள் கை அதை இழுத்துக்கொண்டே இருக்கும். தோள்பட்டைத் தையல் சரியாகத் தோள் முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால் இடுப்பை டெய்லர் பார்த்துக்கொள்வார். வாங்கிய உடையோடு பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே போய்விட வேண்டும். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே முதல் பதிலைச் சொன்னால் பதற்றம் என்று நினைப்பார்கள். வீடியோ நேர்முகமென்றால் லேப்டாப்புக்குக் கீழே புத்தகங்களை அடுக்கிக் கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். கீழிருந்து எடுத்தால் யாருக்கும் தாடை பெருத்துத் தெரியும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். எடையைப் பற்றி யாராவது கேட்டால் விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. "இந்த வேலைக்குத் தேவையான எல்லாவற்றையும் என்னால் செய்ய முடியும், சார்" என்று சொல்லிவிட்டு, அந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு திறமையைச் சொன்னால் போதும்.

எடையைக் குறைப்பது உடல்நலத்துக்கு நல்லதுதான். ஆனால் வேலைக்காக என்று அவளை மிரட்டிச் செய்யவைக்காதீர்கள். தேர்வு நேரத்தில் பட்டினி கிடந்தால் கவனம் சிதறும், முடி கொட்டும், மாதவிடாய் தள்ளிப்போகும், நிறுத்தியதும் எடை திரும்பிவிடும். விளம்பரத்தில் வரும் எடைக் குறைப்புப் பவுடர்களை வாங்காதீர்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, காரணமில்லாமல் எடை ஏறியிருந்தாலோ தைராய்டும், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சொந்தக்காரர்கள் அவள் முன்னால் உடம்பைப் பற்றிப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். அதைக் கேட்டு வளரும் பெண்கள் நேர்முக அறைக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு, குரல் எழும்பாமல் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவர்கள் மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த மாதம் குரூப் 4, ஐ.பி.பி.எஸ். எழுத்தர் இரண்டின் பாடத்திட்டத்தையும் பதிவிறக்கி, மகளிடமே கொடுத்து, எது பிடிக்கிறது என்று கேளுங்கள். கோச்சிங் சென்டருக்கு வைத்திருந்த பணத்தை அவள் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்குச் செலவிடுங்கள்.