அமுதாவுக்கு முன்னால் அன்பு வந்தது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிகளின் கணக்கைப் பைத்தான் என்ற கணினி மொழியில் போட்டு வைத்திருக்கிறேன். பெயர் வாரியாக அடுக்கினால் அமுதாவுக்கு முன்னால் அன்பு வருகிறார். எடை வாரியாக அடுக்கினால் 85 கிலோவுக்கு அப்புறம் 9 கிலோ. அடுக்கித் தரும் சார்ட் கட்டளையிலேயே பிழை இருக்குமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கட்டளையில் பிழை இல்லை. இரண்டை எடுத்து எது சிறியது என்று பார்க்கும், சார்ட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எடை விஷயம் சுலபம். கோப்பிலிருந்து படித்தவை எண்ணாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கின்றன; முதல் எழுத்தை ஒப்பிடும்போது 9-ஐ விட 8 சிறியது என்பதால் 85 முந்திக்கொண்டது. எதை வைத்து ஒப்பிடுவது என்று சொல்லும் கீ என்ற இடத்தில் ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக, மாற்றிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

பெயரில்தான் வேலை அதிகம். பைத்தான் நம் அகர வரிசையைப் பார்ப்பதில்லை, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்திருக்கும் யுனிகோடு எண்ணைப் பார்க்கிறது. அதில் ன 2985, ம 2990. இந்திய எழுத்துகளுக்குப் பொதுவாகப் போட்ட இஸ்கி அட்டவணையை ஒட்டி யுனிகோடு அமைந்ததால், கடைசி மெய்யான ன நடுவில் ந-வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இதை அப்படியே விட்டுவிடுகிறார்களே என்று எனக்கு வருத்தம்தான். தன் பெயரைத் தேடுகிறவர் அது இருக்கவேண்டிய இடத்தில் பார்த்துவிட்டு, இல்லை என்று திரும்பிவிடுவார்.

பள்ளியில் படித்த 247 எழுத்துகளுக்கும் வரிசையாக எண் போடுங்கள்: அ 1, ஃ 13, அப்புறம் க் 14, க 15 என்று மெய்க்குப் பதின்மூன்றாக. பெயரை எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள், மு என்பது ஒரே எழுத்து, ம தனி உகரக் குறி தனி என்று பிரித்துவிடக் கூடாது. அமுதா 1, 136, 94 ஆகும். அன்பு 1, 235 என்று தொடங்கும். இந்தப் பட்டியலைக் கீயாகக் கொடுத்தால் அமுதா முன்னால் வந்துவிடுவார். உங்கள் பக்கம் படுகர் பெயர்களில் ஜ, ஹ நிறைய வரும், அவற்றை 247-க்குப் பிறகு சேர்க்க மறக்காதீர்கள்.

எடை வாரியாக அடுக்கும்போது, முதலில் பெயருக்கு ஒருமுறை அடுக்கிவிட்டு அப்புறம் எடைக்கு அடுக்குங்கள். ஒரே எடை கொடுத்தவர்கள் பெயர் வரிசை கலையாமல் நிற்பார்கள். சார்ட் கட்டளைக்குள் இருப்பது பைத்தானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002-ல் எழுதிய டிம்சார்ட் முறை, அது சமமானவற்றை இடம் மாற்றாது. ஏற்கெனவே அடுக்கிய பட்டியலின் அடியில் புதிதாக நாலைந்து பேரைச் சேர்த்தாலும் அடுக்கியிருக்கும் பகுதியை அப்படியே பயன்படுத்திக்கொள்ளும், அதனால் தினமும் அடுக்கத் தயங்கவே வேண்டாம்.