நான்காவது இயலும் அதே மேஜையும்

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று இயல்கள் நன்றாகவே வந்தன. நான்காவது ஐந்து மாதமாக நகரவில்லை. தினமும் அதே அறை, அதே மேஜை. உட்கார்ந்ததும் மின்னஞ்சல் பார்க்கிறேன், பழைய அடிக்குறிப்புகளைத் திருத்துகிறேன், எழுந்துவிடுகிறேன். வேறு இடத்தில் உட்கார்ந்து எழுதிப் பார் என்கிறாள் தோழி. அது வேலையிலிருந்து தப்பி ஓடுவதுதானே?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோழி சொல்வதைக் கேளுங்கள்.

உட்கார்ந்ததும் மின்னஞ்சல், அப்புறம் அடிக்குறிப்பு, அப்புறம் எழுந்துவிடுவது. ஐந்து மாதம் தினமும் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும். சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பழக்கம் அது நடக்கும் இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போன மாணவர்களை வைத்து உளவியலாளர் வெண்டி வுட்டும் சகாக்களும் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, தொலைக்காட்சி ஆகிய பழக்கங்களைத்தான் கவனித்தார்கள். புது ஊரிலும் சூழல் பழையபடியே அமைந்தவர்களிடம் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறியவர்களிடம் அதன் பிடி தளர்ந்தது. என்ன செய்ய நினைத்தார்களோ அதைச் செய்தார்கள்.

நல்ல பழக்கமும் இதே மாதிரி அறுந்துபோகலாம். அதனால் மேஜையை முழுக்கக் கைவிட வேண்டாம். அடிக்குறிப்பு, மெய்ப்புத் திருத்தம் எல்லாம் அங்கேயே நடக்கட்டும். நான்காவது இயலை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். நூலகத்தின் ஒரு மூலை போதும், இடம் அழகாக இருக்க வேண்டும் என்றில்லை. அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ எழுதுவதற்கென்றே ஓட்டல் அறை எடுத்துக்கொள்வார். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக்கூடக் கழற்றிவிடச் சொல்வார். எனக்கு இதில் பிடித்தது அவர் எதையெல்லாம் அகற்றினார் என்பதுதான். நீங்களும் மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு, இதுவரை எழுதியதன் அச்சுப்பிரதியும் வெள்ளைத்தாளும் மட்டும் எடுத்துப் போங்கள். மின்னஞ்சலும் கூடவே வந்தால் அங்கேயும் இதே கதைதான்.

தப்பி ஓடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கணிதமேதை ஆன்றி புவான்காரே ஒரு கணக்கோடு பல நாள் மல்லாடிவிட்டு, வேலையை மறந்து ஒரு பயணம் போனார். குத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை வண்டியில் ஏறக் காலை வைத்த நொடியில் அதுவரை அவருக்குத் தோன்றாத ஒரு தொடர்பு புலப்பட்டது. இன்னொரு கணக்கு பிடிபடாதபோது, சலித்துப்போய்க் கடற்கரைக்குச் சில நாள் போனார். அங்கே நடந்துகொண்டிருக்கும்போது விடை வந்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். ஆனால், முனைந்து உழைத்த நாட்கள் முன்னால் இல்லாவிட்டால் இந்தத் திடீர் விடைகள் வருவதில்லை என்பதையும் அவர் அழுத்தமாகச் சொல்கிறார். நீங்கள் ஐந்து மாதம் அதோடு போராடியவர். ஓடிப்போகிறவர் இவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது இயல் என்ன சொல்லப்போகிறது என்பதைத் தோழியிடம் ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் நாளைக்கே நூலகத்துக்குக் கிளம்பலாம். வராவிட்டால் சிக்கல் இயலின் வாதத்தில் இருக்கிறது, அறையில் இல்லை. அப்போது முதலில் நெறியாளரைப் பார்த்துப் பேசுங்கள். எழுதி முடிக்காததை எப்படிக் காட்டுவது என்று தயங்க வேண்டாம். அரைகுறையாக இருக்கிற வரைவைத்தான் அவரிடம் கொண்டுபோக வேண்டும்.