விடாமல் பின்தொடர்பவனிடமிருந்து உடனே தப்பிப்பது எப்படி?

“ஒருவன் மாதக்கணக்காகப் பின்தொடர்கிறான், கொன்றுவிடுவேன் என்கிறான். யாருக்கும் தெரியாமல் ஊரைவிட்டுப் போய்ப் பத்திரமாக இருப்பது எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களும் ஹாஸ்டலில் தனியாக இருப்பவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். 2016-இல் கோவையில் நான் அப்படித்தான் இருந்தேன். என்னைப் பின்தொடர்ந்தவன் என்னோடு வேலை பார்த்தவன். முடியாது என்று சொன்ன மறுநாளிலிருந்து ஹாஸ்டல் எதிரே டீக்கடையில் நிற்க ஆரம்பித்தான். புகார் கொடுத்தேன். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியே மிரட்டல் மெசேஜ் வந்தது. எல்லாப் போலீசும் அப்படி என்று சொல்லவில்லை, பிறகு என்னைக் காப்பாற்றியதும் போலீஸ்தான்.

அந்த ஜூன் மாதம்தான் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். டிவியில் அதைப் பார்த்த அப்பா, “வேலை போனாப் போகட்டும், கிளம்பும்மா” என்றார்.

சொந்த ஊர் தஞ்சாவூர் என்பது அவனுக்குத் தெரியும், அதனால் அங்கே போகவில்லை. சர்டிபிகேட், பேங்க் பாஸ்புக், கொஞ்சம் பணம், இவ்வளவையும் தலையணை உறைக்குள் வைத்துச் சுருட்டி, சலவைக்குக் கொண்டுபோகும் பையில் போட்டேன். மாடிக் கொடியில் என் பச்சைத் துப்பட்டாவை மட்டும் காயவிட்டு வந்தேன். தெருவிலிருந்து பார்த்தால் அது தெரியும், அவன் தினமும் அண்ணாந்து பார்ப்பான். விடியற்காலை ரூம்மேட்டின் அண்ணன் காரில் பல்லடம் வரை கொண்டுவந்து விட்டார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கே போகாமல் பல்லடத்தில் மதுரை பஸ் ஏறி, அங்கிருந்து நாகர்கோவிலில் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டேன்.

போன் விஷயத்தில் கவனம். என் ஜிமெயில் பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரியும், நான் இருக்கும் இடத்தை அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும் முன்பே மாற்றியிருந்தால் உஷாராகியிருப்பான். போனை அணைக்காமல் ஹாஸ்டலிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன். பாஸ்வேர்டை நாகர்கோவில் போனபிறகுதான், தோழியின் கம்ப்யூட்டரில் மாற்றினேன். வாட்ஸ்அப்பில் வேறு கருவி இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள், ஆதார் ஓடிபி அதில்தான் வரும். அவன் அனுப்பிய எதையும் அழிக்காதீர்கள்.

இத்தனை செய்தும் மூன்றாம் வாரம் நாகர்கோவிலில் தெருமுனையில் நின்றான். முகவரி கொடுத்தது என் பெரியம்மா. “கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்னு மரியாதையாத்தான்டி கேட்டான்” என்று அழுதார். அவர்மேல் இன்றும் கோபமில்லை. ஆனால் நீங்கள் போகும் இடம் இரண்டு பேருக்குமேல் தெரியக்கூடாது. பாசத்தால்தான் விஷயம் வெளியே போகும்.

அன்றே அங்குள்ள மகளிர் காவல் நிலையத்தில் எல்லா மெசேஜையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எஃப்ஐஆர் போட்டுக் கைது செய்தார்கள். பின்தொடர்வதற்கென்றே சட்டப் பிரிவு இருக்கிறது: அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78. முதல் தடவை மூன்று ஆண்டு வரை தண்டனை, ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அவனும் சீக்கிரமே வெளியே வந்தான், அதற்குள் நான் வேறு ஊரில் இருந்தேன். புகார் கொடுக்கும்போதே அடுத்து எங்கே தங்குவது என்று முடிவாகியிருக்க வேண்டும் என்பது இதனால்தான். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. எஃப்ஐஆர் நகலை இலவசமாகவே தரவேண்டும்.

ஓடுவது கோழைத்தனம், நின்று எதிர்க்கணும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் அந்த டீக்கடையைத் தாண்டி ஒருநாள் நடந்து பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு மாதம் முன்பே சொல்லவில்லை என்று அந்த ஹாஸ்டலில் என் ஆறாயிரம் ரூபாய் அட்வான்ஸைத் தரவே இல்லை. காரணம் தெரிந்தும் தரவில்லை. “உன்னால எங்க பேரு கெட்டுச்சு” என்று வார்டன் அம்மா சொன்னது பணத்தைவிட வலித்தது. பெண்களை நம்பித் தொழில் நடத்துபவர்கள் இப்படியா பேசுவது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதே வாசலில் நிற்கிறான் என்றால் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். இன்றிரவு தங்க இடமில்லை என்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்க வைப்பார்கள். சர்டிபிகேட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.