குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நகரத்திலும் கிராமத்திலும் ஒரே மாதிரி செயல்படுகிறதா?

சட்டம் ஒன்றுதான். அதைத் தேடிப் போகும் வழிதான் வேறு. நான் பெரம்பூரில் இருக்கிறேன். என் சித்தி மகளோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவள் வாழ்க்கைப்பட்டது திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில். 2005ஆம் வருடச் சட்டப்படி அங்கேயும் பாதுகாப்பு அலுவலர் உண்டு, அதாவது பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உதவ அரசு நியமித்த அதிகாரி. ஆனால் அவர் இருப்பது விழுப்புரத்தில். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் கண்டக்டர் கணவனுக்குப் பங்காளி முறை. ஒருமுறை கிளம்பியவள் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்குச் சேதி போய்விட்டது. சாயங்காலமே கோயில் திண்ணையில் பெரியவர்கள் கூடி, "கோபத்துல கை நீட்டிட்டான், இதுக்குப் போய் கோர்ட்டா?" என்று சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள். அவளைப் பேசவே விடவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்த முறை அடி விழுந்ததும் பையனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் ஆயிரம் விளக்கில் வந்தது. இன்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஒன்று இருக்கிறது. நாங்கள் போன ஒரு காவல் நிலையத்தில், "புருஷன் ஊர்லதான் புகார் கொடுக்கணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அது தவறு. 27ஆம் பிரிவின்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு போடலாம். பாதுகாப்பு அலுவலர் பற்றியும் இலவச சட்ட உதவி பற்றியும் வந்த பெண்ணிடம் எடுத்துச் சொல்வது போலீஸின் கடமை என்கிறது 5ஆம் பிரிவு. எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பெண்களுக்கான உதவி எண் 181க்கு போன் செய்து, ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். பாதுகாப்பு அலுவலர் நிகழ்வு அறிக்கைப் படிவத்தை எடுத்தார். என்ன நடந்தது என்பதோடு தேதி, இடம், நேரம் எல்லாம் அதில் எழுத வேண்டும். இவளுக்குத் தேதி எதுவும் நினைவில்லை. "ஆடிக்கிருத்திகைக்கு முந்தின நாள்க்கா", "பையனுக்கு மொட்டை போட்ட மறுநாள்க்கா" என்று என்னைப் பார்த்தே சொன்னாள். அந்த அம்மா அலுத்துக்கொள்ளாமல் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, ஒவ்வொரு நாளாகத் தேடி எழுதினார். நடந்ததை ஒருவர் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் எங்களுக்கும் கிடைத்தார். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களுக்கு ஏழு மாதம் ஆனது, வாய்தா மேல் வாய்தா. கடைசியில் அவளுக்கும் பையனுக்கும் மாதச் செலவுக்குப் பணமும், கணவன் நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவும் கிடைத்தன. அந்த உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இந்த நிலை என்றால், கிராமமோ நகரமோ, முதலில் ஒரு நோட்டில் தேதிகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நோட்டு அவர் வீட்டில் வேண்டாம், உங்களிடம் இருக்கட்டும்.