அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் எம்.பி.40 தானியங்கித் துப்பாக்கி ஏன் இவ்வளவு விலை? அதை வாங்கினால் சுடலாமா?

விலைக்குக் காரணம் சட்டம்தான். 1934 முதல் தானியங்கித் துப்பாக்கிகளை மத்திய அரசிடம் பதிவு செய்து, கைமாறும்போது 200 டாலர் வரி கட்ட வேண்டும். 1986 மே மாதத்தோடு பொதுமக்களுக்கான புதிய பதிவும் நின்றுபோனது. ஆக, அதற்கு முன் பதிவானவைதான் இன்றும் தனியாரிடையே கைமாறுகின்றன. போரிலிருந்து வீரர்கள் கொண்டுவந்தவற்றில் பல, பதிவில்லாதவற்றுக்கு 1968 நவம்பரில் தந்த பொதுமன்னிப்பில்தான் பதிவேறின. பதிவில்லாதது எவ்வளவு அரிதாக இருந்தாலும் சட்டவிரோதம்தான். சில மாநிலங்களில் பதிவு இருந்தாலும் அனுமதி கிடையாது.

சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது பாகங்களில் பொறித்த வரிசை எண்கள் எல்லாம் ஒன்றா என்பதை. பாகம் மாற்றியிருந்தால் மதிப்பு சரியும்.

சுடலாம். நிமிடத்துக்குச் சுமார் 500 குண்டு என்பது இவ்வகைக்குக் குறைந்த வேகம்; எடையும் 4 கிலோ. அதனால் அடக்கிச் சுடுவது எளிது. பலவீனம் மேகசின், அதாவது குண்டுகளை அடுக்கி மாட்டும் பெட்டி. இரண்டு வரிசையாக இருக்கும் 32 குண்டுகள் மேலே ஒற்றை வரிசையாகக் குறுக வேண்டும். கொஞ்சம் தூசி போனாலும் சிக்கும். சினிமாவில் மேகசினைப் பிடித்தே சுடுவார்கள்; நிஜத்தில் அது ஆடி, குண்டு ஏறாமல் நிற்கலாம்.

அப்புறம், இதைத் தவறாக ‘ஷ்மைசர்’ என்பார்கள். ஹ்யூகோ ஷ்மைசர் வடிவமைத்தது 1918-இன் எம்.பி.18 என்ற வேறு துப்பாக்கி. எம்.பி.40 எர்மா நிறுவனத்தின் வடிவமைப்பு.