ரிக்லி ஃபீல்ட் பக்கத்தில் ஒரு வீடு

வணக்கம் சார்,

சிகாகோவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ரிக்லி ஃபீல்ட் ஸ்டேடியத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்தோம். மனைவிக்குப் பிடித்துவிட்டது. ஆபீஸ் நண்பர்களோ, "குடிகாரக் கூட்டம், குடும்பத்தோடு இருக்க முடியாது" என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. நீங்கள் அங்கே இருந்தவர். எடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் ஆட்டத்துக்கு வந்து போகிறவர்கள்; கூட்டமில்லாத நாளில் அந்தத் தெருக்களுக்குப் போயிருக்க மாட்டார்கள். அந்த ஸ்டேடியத்தின் சொந்த பேஸ்பால் அணியான கப்ஸ் ஒரு சீசனில் அங்கே ஆடுவது 81 ஆட்டம். கோடையில் சில இசை நிகழ்ச்சிகளும் சேரும். மற்ற நாளில் மரநிழலில் நாயோடு நடக்கிற சாதாரணக் குடியிருப்புதான்.

மாட வீதியில் வீடு எடுப்பவருக்குத் தேர் எப்போது வரும் என்று தெரிந்திருக்கும். கிளார்க், அடிசன், ஷெஃபீல்ட், வேவ்லண்ட் என்று நான்கு தெரு ஸ்டேடியத்தைச் சுற்றி அப்படித்தான். ஆட்ட அட்டவணையை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, அதைப் பார்த்து விருந்தாளிகளைக் கூப்பிடுங்கள். ஆட்டம் விட்டதும் அடிசன் ரயில் நிலையத்துப் பக்கமே போகாதீர்கள். தெற்கே பெல்மாண்ட் வரை நடந்தால் நிம்மதியாக ஏறலாம்.

நண்பர்கள் சொல்லாத ஒன்று உண்டு. உங்களை ராத்திரியில் தூங்கவிட அந்தத் தெருக்காரர்கள் போட்ட சண்டை. 1914இல் திறந்த மைதானம் அது. மற்ற பெரிய அணிகளெல்லாம் ராத்திரி ஆட்டத்துக்கு விளக்குப் போட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் இங்கே பகல் ஆட்டம் மட்டும்தான். விளக்குக்காக வாங்கி வைத்திருந்த இரும்பை உரிமையாளர் பிலிப் ரிக்லி 1941 கடைசியில் யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. 1981இல் ட்ரிப்யூன் பத்திரிகை நிறுவனம் அணியை வாங்கி விளக்கு கேட்டதும் அக்கம்பக்கம் கொதித்தது. வீட்டு ஜன்னல்களில் எதிர்ப்பு அட்டைகள். மாநிலச் சட்டம், நகரச் சட்டம் இரண்டும் குறுக்கே நின்றன. கடைசியில் 1988 ஆகஸ்ட் 8 அன்று விளக்கு எரிந்தது. மழை கொட்டி ஆட்டம் பாதியில் நின்றது! எதிர்த்தவர்கள் அன்று எவ்வளவு சிரித்திருப்பார்கள். மறுநாள்தான் முதல் முழு ராத்திரி ஆட்டம். அப்போது கிடைத்த அனுமதி வருஷத்துக்கு 18. பிறகு எண்ணிக்கை கூடினாலும் நகரசபையின் வரம்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் மதியமே தொடங்குவது அதனால்தான்.

எதிர்வீட்டு மொட்டைமாடி வியாபாரம் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. முன்பு வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு பீர் குடித்தபடி ஓசியில் ஆட்டம் பார்த்தார்கள். பிறகு டிக்கெட் விற்றார்கள். 2002இல் அணி வழக்குப் போட்டது. வருமானத்தில் 17 சதவீதம் தருவதாக 2004இல் சமரசம் ஆனது. அப்புறம் அணியின் உரிமையாளர் குடும்பமே பல கட்டடங்களை வாங்கிவிட்டது. பழைய பீர் நாற்காலிகளே தேவலை.

பேஸ்பால் தெரியாவிட்டால் பரவாயில்லை. வேவ்லண்ட் தெருவில், இடப்பக்கச் சுவருக்கு வெளியே, கையில் கிளவுஸோடும் காதில் ரேடியோவோடும் சிலர் காத்திருப்பார்கள். சுவர் தாண்டி வரும் ஹோம் ரன் பந்தைப் பிடிக்கிறவர்கள், பால்ஹாக்குகள். ஏரியிலிருந்து காற்று மைதானத்துக்குள் அடித்தால் பந்து சுவர் தாண்டுவது கஷ்டம், அவர்கள் முகம் தொங்கிவிடும். வெளியே அடித்தால் உற்சாகம். அவர்களோடு பத்து நிமிடம் நில்லுங்கள், பாதி ஆட்டம் புரிந்துவிடும். முடிவு தெரிய ஸ்கோர்போர்டுக்கு மேலே ஏறும் கொடி போதும்: வெள்ளைத் துணியில் நீல 'டபிள்யூ' என்றால் ஜெயம், நீலத் துணியில் வெள்ளை 'எல்' என்றால் தோல்வி. ஜெயித்த ராத்திரி கிளார்க் தெரு பார்களில் சத்தம் சீக்கிரம் அடங்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்தால் சந்துகளில் மூத்திர நாற்றம், பிளாஸ்டிக் கோப்பைகள். தரைத்தளம் வேண்டாம், சந்தைப் பார்த்த படுக்கையறையும் வேண்டாம். பெரிய தலைவலி கார்தான்: ராத்திரி ஆட்டம் இருக்கும்போது குடியிருப்போர் பெர்மிட் இல்லாமல் தெருவில் விட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் தருவதாக வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் எடுத்துவிடுங்கள்.