வேர் சிகிச்சைக்குப் பிறகு முன்பல் கறுத்துவிட்டது: வழக்கு நிற்குமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சென்ற ஆண்டு அண்ணா நகரில் ஒரு தனியார் கிளினிக்கில் மேல் முன்பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்டேன். 7,000 ரூபாய் கட்டினேன். சில மாதங்களில் பல் சாம்பல் நிறமாகிவிட்டது. டாக்டரைக் கேட்டால், "உள்ளே வைத்த மருந்து அப்படித்தான், கேப் போட்டால் தெரியாது, அதற்குத் தனியாகப் பணம்" என்கிறார். முன்பே யாரும் சொல்லவில்லை. போலீசுக்குப் போகச் சொல்கிறார் மாமா. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில், கேப் போட அவசரப்படாதீர்கள். பல்லைச் செதுக்கி மூடிவிட்டால் உங்கள் முக்கியமான சாட்சியே போய்விடும். நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவையுங்கள். கிளினிக்கில் கேஸ் ஷீட், எக்ஸ்ரே, ரசீது, உள்ளே வைத்த மருந்தின் பெயர் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்; பதிவுத் தபாலில் கேட்டால் பின்னால் மறுக்க முடியாது.

மாமாவின் யோசனை வேண்டாம். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க மிக மோசமான கவனக்குறைவு வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு ஏற்ற இடம் நுகர்வோர் ஆணையம். பணம் கட்டிப் பெறும் மருத்துவமும் 'சேவை'தான் என்பது 1995-லேயே வி.பி.சாந்தா வழக்கில் முடிவான விஷயம்.

ஆனால் பல் கறுத்தது என்பதை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. நரம்பு செத்த பல், உள்ளே கசிந்த ரத்தத்தாலேயே கறுக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் எடுப்பார். மருந்தாலும் கறுக்கும்: பல்லுக்குள் அடைக்கும் சில சிமென்ட்களில் உள்ள பிஸ்மத் ஆக்சைடு, பல்லைக் கழுவும் ஹைபோகுளோரைட் திரவம் பட்டால் கருமையாகும். வெள்ளி கலந்த பழைய சீலர்களும் (வேரின் இடைவெளியை அடைக்கும் பசை), மினோசைக்ளின் சேர்ந்த கிருமிக்கொல்லிக் களிம்பும் அப்படியே. இவை தடை செய்யப்பட்டவை அல்ல. ஆகவே கேள்வி, முன்பல்லில் அவற்றை எப்படிக் கையாண்டார் என்பதுதான். அடைத்த பொருளை ஈறு மட்டத்துக்குக் கீழே நிறுத்தி, மேல்பகுதியைச் சுத்தமாகத் துடைத்திருக்க வேண்டும். துடைத்தாரா என்பதை வேறொரு வேர் சிகிச்சை நிபுணர் பார்த்து எழுதித் தரட்டும். அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்; அங்கே காட்டுங்கள்.

என் கணக்கில் உங்கள் பலமான வாதம் வேறு: முன்பே சொல்லவில்லை என்பது. சமீரா கோலி வழக்கு (2008), சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. எங்கோ யாருக்கோ நேரும் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சிரித்தால் தெரியும் பல்லின் நிறம் மாறலாம் என்பது அப்படிப்பட்டதா? "மருந்து அப்படித்தான்" என்று அவரே சொன்னது உங்களுக்கு உதவும். வாட்ஸ்அப்பில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் நிற மாற்றம் பற்றி ஒரு வரி இருந்தால் மட்டும் இந்த வாதம் சறுக்கும். அதை முதலில் பாருங்கள்.

கிளினிக் அண்ணா நகரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கெடு 2 ஆண்டு. பல் கறுத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிடலாம்தான், ஆனாலும் சிகிச்சை முடிந்த நாளிலிருந்தே எண்ணி அதற்குள் போட்டுவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டிய பணம், சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, அவ்வளவு கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் ஆணையம் முகம் சுளிக்கும். எல்லாப் பல்லுக்கும் கேப் தேவையில்லை, உள்ளிருந்து வெளுக்க வைக்கும் சிகிச்சையும் உண்டு. நோட்டீஸைப் பார்த்து அவரே இலவசமாகச் செய்து தருகிறேன் என்றால், எழுதி வாங்கிக்கொண்டு, வேறு மருத்துவரிடம் செய்யும் செலவைத் தரச் சொல்லுங்கள்.